தோண்டும் முன் தெரிவியுங்கள்: நகரப் பொதுப்பணிகள் குறித்த கோரிக்கை மனு

அனுப்புநர்
தலைவர், செயலாளர் மற்றும் செயற்குழு உறுப்பினர்கள்,
குடியிருப்போர் நலச்சங்கம்.

பெறுநர்
உயர்திரு நகராட்சி ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: நகரில் நடைபெறும் சாலை, குடிநீர், பாதாள சாக்கடை, மழைநீர் வடிகால் பணிகள் – பொதுமக்களுக்கு முன்னறிவிப்பு வழங்குதல், பணிகளை ஒருங்கிணைத்தல், தோண்டிய சாலைகளை முறையாகச் சீரமைத்தல் – நடவடிக்கை எடுக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

காவிரிப் படுகையில் அமைந்துள்ள நமது நகரில் பாதாள சாக்கடை, புதிய பகிர்மானக் குழாய், மழைநீர் வடிகால், தெருச்சாலை எனப் பல பணிகள் ஒரே காலத்தில் நடந்து வருகின்றன. இவை அனைத்தும் நாங்களே பல ஆண்டுகளாகக் கேட்டு வந்தவை. எனவே எந்தப் பணியையும் நிறுத்தச் சொல்லி இம்மனுவை அளிக்கவில்லை. எந்தத் தெருவில், எந்த நாளில், யார், எதற்காகத் தோண்டப் போகிறார்கள் என்பது அந்தத் தெருவில் குடியிருப்போருக்கு முன்கூட்டித் தெரிய வேண்டும். சொன்ன தேதியில் பணி முடிய வேண்டும். முடியாது என்றால் அதையும் சொல்ல வேண்டும். எங்கள் கோரிக்கைகள் எல்லாம் இதற்குள் அடங்கும்.

இன்றைய நிலை

காலையில் கதவைத் திறந்தால் வாசலில் ஜேசிபி நிற்கிறது. அதற்குப் பிறகுதான் தெருவில் பணி நடக்கப் போவது தெரிகிறது. முதல்நாளே சொல்லியிருந்தால் வண்டி வைத்திருப்பவர் அதைத் தெருமுனையில் நிறுத்தியிருப்பார். டயாலிசிஸுக்குப் போக வேண்டியவர் ஆட்டோவை அடுத்த தெருவுக்கு வரச் சொல்லியிருப்பார். வீட்டுக்கு நாலு குடம் தண்ணீர் கூடுதலாகப் பிடித்து வைத்திருப்பார்கள். விசேஷ வீட்டார் பந்தல்காரரிடமும் சமையல்காரரிடமும் மாற்று வழி பேசியிருப்பார்கள். செலவே இல்லாத ஒரு தகவல் வராததால் இத்தனை குடும்பங்கள் அல்லல்படுகின்றன.

தோண்டும்போது பழைய குடிநீர்க் குழாய் உடைகிறது. எப்போது சரியாகும் என்று கேட்டால் ஒப்பந்ததாரரின் ஆட்கள் நகராட்சியைக் கேட்கச் சொல்கிறார்கள். நகராட்சியில் கேட்டால் அது குடிநீர் வடிகால் வாரியத்தின் பணி என்கிறார்கள். குழாய் பதித்த பள்ளத்தில் தோண்டிய களிமண்ணையே தள்ளி மூடிவிட்டுப் போகிறார்கள். நமது ஊர்க் களிமண் காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் உப்பும். ஒரு மழைக்கே அந்த இடம் உள்வாங்கி, பள்ளம் எது, தேங்கிய தண்ணீர் எது என்று தெரியாத நிலை ஏற்படுகிறது. ஒரு துறை மூடிய சாலையை அடுத்த துறை மீண்டும் வெட்டுகிறது.

இதே ஊரில் மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும்போது, எந்தத் துணை மின் நிலையம், எந்தெந்தப் பகுதிகள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்ற அறிவிப்பு முன்னதாகவே நாளிதழ்களில் வந்துவிடுகிறது. அன்று மாவு மில்காரர் முதல் ஜெராக்ஸ் கடைக்காரர் வரை அதற்கேற்ப வேலையை அமைத்துக்கொள்கிறார்கள். மின்தடையைப் பற்றி எங்களுக்கு வருத்தம் இருக்கலாம், ஆனால் ஏமாற்றப்பட்டோம் என்ற எண்ணம் இருப்பதில்லை. மின் விநியோகத்தில் நடைமுறையில் உள்ள இந்த ஒழுங்கு சாலைக்கும் குடிநீருக்கும் வர முடியாததல்ல.

சட்டம் சொல்வது

அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம் (1992) நகராட்சிகளைத் தன்னாட்சி அமைப்புகளாக்கி, சாலைகள், பாலங்கள், குடிநீர் வழங்கல், பொதுச் சுகாதாரம் உள்ளிட்ட 18 பொருள்களைப் பன்னிரண்டாவது அட்டவணையில் வைத்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் 4ஆவது பிரிவு, யாரும் மனுப் போட்டுக் கேட்காமலேயே பொது அதிகார அமைப்புகள் தகவல்களைத் தாமாக முன்வந்து வெளியிட வேண்டும் என்கிறது. மக்களைப் பாதிக்கும் முடிவுகளை அறிவிக்கும்போது தொடர்புடைய விவரங்கள் அனைத்தையும் வெளியிடவும், அதை வட்டார மொழியில் செய்யவும் அப்பிரிவு பணிக்கிறது. அறிவிப்புப் பலகை, நாளிதழ், பொது அறிவிப்பு ஆகிய எளிய வழிகளைச் சட்டமே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது.

மண்ணுக்கடியில் உள்ள கேபிள்களும் குழாய்களும் சேதமடையாமலிருக்க, தோண்டுபவர் அவற்றின் உரிமையாளருக்கு முன்கூட்டித் தெரிவிக்கும் ‘கால் பிஃபோர் யு டிக்’ செயலியை ஒன்றிய அரசு 2023 மார்ச்சில் தொடங்கியது. புதைந்து கிடக்கும் கேபிளுக்குச் சொல்லிவிட்டுத் தோண்ட ஓர் ஏற்பாடு இருக்கும்போது, அதன் மேல் குடியிருக்கும் மனிதருக்கும் ஓர் ஏற்பாடு வேண்டும் என்பதே எங்கள் வாதம்.

கோரிக்கைகள்

1. ஏழு நாள் முன்னறிவிப்பு: அவசரப் பழுது தவிர்த்த எந்தப் பணிக்கும், தோண்டுவதற்கு 7 நாள் முன்னதாகத் தெருவின் இரு முனைகளிலும் தமிழில் பலகை வைக்க வேண்டும். பணியின் பெயர், திட்டம், மதிப்பீட்டுத் தொகை, ஒப்பந்ததாரர், தொடங்கும் நாள், முடியும் நாள், பழுதானால் ஒப்பந்ததாரரே சரிசெய்து தர வேண்டிய காலம், பொறுப்புப் பொறியாளரின் அலுவலகத் தொலைபேசி எண் ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். அவசரப் பழுதாயின் பணி தொடங்கிய அன்றே இவ்விவரங்களை அறிவிக்க வேண்டும்.

2. எல்லோரையும் எட்டும் அறிவிப்பு: வாட்ஸ்அப்பில் மட்டும் போட்டால் முதியவர்களுக்கும் கைபேசி இல்லாதவர்களுக்கும் போய்ச் சேராது. ரேஷன் கடை, பேருந்து நிலையம், உழவர் சந்தை, வழிபாட்டுத் தலங்கள் ஆகிய இடங்களில் அறிவிப்பு ஒட்ட வேண்டும். முந்தைய நாள் மாலை ஆட்டோவில் ஒலிபெருக்கி வைத்துத் தெருவாரியாகச் சொல்ல வேண்டும். வார்டு வாரியான வாட்ஸ்அப் குழு இவற்றுக்குத் துணையாக இருக்கட்டும்.

3. குடிநீர் அட்டவணை: எந்த மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியிலிருந்து எந்தத் தெருவுக்கு எந்த நேரம் தண்ணீர் திறக்கப்படும் என்ற அட்டவணையை வெளியிட வேண்டும். விநியோகம் நிறுத்தப்படுவதை 48 மணி நேரம் முன்பே தெரிவித்து, லாரி நிற்கும் இடத்தையும் நேரத்தையும் சொல்ல வேண்டும். குழாய் இணைப்புப் பணிக்குப் பின் வரும் முதல் தண்ணீரை வடித்துவிட்டு, கடைசி வீட்டுக் குழாயில் எஞ்சிய குளோரின் அளவைச் சோதித்து அறிவிக்க வேண்டும். லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம்.

4. ஒருங்கிணைந்த பணி நாட்காட்டி: நகராட்சி, நெடுஞ்சாலைத் துறை, குடிநீர் வடிகால் வாரியம், நீர்வளத் துறை, மின்வாரியம், தொலைத்தொடர்பு நிறுவனங்கள் ஆகியவை மாதம் ஒருமுறை கூடி, வரும் மாதத்துப் பணிகளை ஒரே பட்டியலாக்க வேண்டும். முதலில் பாதாள சாக்கடை, அடுத்து குடிநீர்க் குழாயும் வீட்டு இணைப்பும், பின் கேபிள், கடைசியில் சாலை என்ற வரிசை மாறக் கூடாது. புதிதாகப் போட்ட சாலையை வெட்ட அனுமதி தர நேர்ந்தால் அதற்கான காரணத்தை எழுத்தில் வெளியிட வேண்டும்.

5. சாலைச் சீரமைப்பு: பள்ளத்தைத் தோண்டிய களிமண்ணால் மூடாமல், மணலும் ஜல்லியும் கலந்த கிராவலும் இட்டு, அடுக்கடுக்காகத் தண்ணீர் விட்டு இறுக்கிய பின்னரே தார் போட வேண்டும். பழைய தார் அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டே புதிய அடுக்குப் போட வேண்டும் என்று தலைமைச் செயலாளர் 2021இல் அறிவுறுத்தியுள்ளார். அது பின்பற்றப்படாததால் சாலை ஆண்டுதோறும் உயர்ந்து, வீடுகள் தாழ்ந்து, மழைநீர் வாசல்படி ஏறுகிறது. சாலைப் பணி நடக்கும்போது பழைய மட்டமும் புதிய மட்டமும் தெருவாசிகள் முன்னிலையில் அளக்கப்பட வேண்டும்.

6. வடிகால் பணிக்கு உரிய பருவம்: நமது நகரின் மழைநீர் வடிகால்கள் பாசன வாய்க்கால்களில்தான் சென்று சேர்கின்றன. அவற்றுக்குத் தண்ணீர் தரும் மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28இல் மூடப்பட்டு ஜூன் 12இல் திறக்கப்படுகிறது. வாய்க்கால்கள் வறண்டிருக்கும் இந்த நாலரை மாதமே தூர் வாரவும் சிறுபாலம் கட்டவும் ஏற்றது. அதை விட்டுவிட்டு ஐப்பசி மழை தொடங்கும் நேரத்தில் ஜேசிபியை இறக்கினால் பணமும் வீண், பணியும் வீண். ஆகவே தூர்வார வேண்டிய வடிகால்களின் பட்டியலைத் தை மாதத்திலேயே வெளியிட்டு, நீர்வளத் துறையுடன் இணைந்து ஜூன் முதல் வாரத்துக்குள் முடிக்க வேண்டும். தூர் வாரி எடுத்த சேற்றைக் கரையிலேயே குவித்தால் முதல் மழையில் அது மீண்டும் வடிகாலுக்குள்ளேயே போகும் என்பதால், அன்றன்றே அகற்ற வேண்டும்.

7. பணியிடப் பாதுகாப்பு: திறந்த பள்ளத்தைச் சுற்றித் தகரத் தடுப்பும், இரவில் சிவப்பு விளக்கும், ஒளிரும் பட்டையும் கட்டாயம் வேண்டும். ஒரு கல்லும் மரக்கிளையும் வைப்பது தடுப்பு ஆகாது. பள்ளி, மருத்துவமனை வாசல்களில் அன்று தோண்டியதை அன்றே மூட வேண்டும். ஆம்புலன்ஸ் செல்லும் மாற்றுப் பாதையை முன்பே குறிக்க வேண்டும்.

8. மனிதர் இறங்காத பாதாள சாக்கடை: மனிதக் கழிவுகளை மனிதரே அள்ளும் முறையைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், உரிய பாதுகாப்பின்றிக் கழிவுநீர்க் குழிக்குள் ஆளை இறக்குவதைக் குற்றமாக்கியுள்ளது. அடைப்பு எடுக்க இயந்திரத்தை மட்டுமே பயன்படுத்த வேண்டும். 14420 என்ற உதவி எண்ணை ஒவ்வொரு தெருவிலும் எழுதிவைக்க வேண்டும். தனியாரோ ஒப்பந்ததாரரோ ஆளை இறக்குவதைக் கண்டால் நாங்கள் உடனே தெரிவிப்போம். அந்தப் புகாரின் மேல் தாமதமில்லாத நடவடிக்கை வேண்டும்.

9. சாலை யாருடையது: நெடுஞ்சாலைத் துறையின் சாலைகளுக்கு ‘நம்ம சாலை’ செயலி உள்ளது, நகராட்சிச் சாலைகளுக்குப் புகார் செய்யும் இடம் வேறு. எந்தச் சாலை யார் பொறுப்பு என்று தெரியாமல் மக்கள் அலைகிறார்கள். ஒவ்வொரு முதன்மைச் சாலையின் தொடக்கத்திலும் பராமரிக்கும் துறையின் பெயரையும் புகார் எண்ணையும் எழுத வேண்டும். தவறான அலுவலகத்துக்கு வந்த புகாரைத் திருப்பி அனுப்பாமல், உரிய துறைக்கு நகராட்சியே அனுப்பிவைக்க வேண்டும்.

10. புகாருக்கு விடை: ஒவ்வொரு புகாருக்கும் எண் தர வேண்டும். “நடவடிக்கை எடுக்கப்பட்டது” என்ற ஒற்றை வரியுடன் புகாரை முடித்துவைக்கும் பழக்கம் நிறுத்தப்பட்டு, புகார் செய்தவர் சரியாகிவிட்டது என்று சொன்ன பின்னரே அது முடிக்கப்பட வேண்டும். தெருவிளக்கு, குழாய் உடைப்பு, சாக்கடை அடைப்பு ஆகிய மூன்றுக்கும் சரிசெய்யும் கால வரம்பை அறிவிக்க வேண்டும்.

11. பகுதி சபாவில் கணக்கு: 2022 நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினத்தன்று தமிழக நகர்ப்புறங்களில் பகுதி சபாக் கூட்டங்கள் நடத்தப்பட்டன. கிராம சபைக்கு இணையான இம்மேடையை முறையாகக் கூட்டி, வார்டில் முடிந்த பணி, நடக்கும் பணி, தொடங்க வேண்டிய பணி, ஒவ்வொன்றின் செலவு ஆகியவற்றைப் படித்துக்காட்ட வேண்டும். முடிந்த பணியின் அளவுப் புத்தகப் பதிவுகளை மக்கள் பார்வையிட அனுமதிக்க வேண்டும். தீர்மானங்களின் நகலை அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும்.

எங்கள் பங்கு

உரிமை கேட்கும் நாங்கள் கடமையையும் ஏற்கிறோம். பகிர்மானக் குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுவது எங்கள் தெருக்களிலும் நடக்கிறது. கடைசி வீடுகளுக்குத் தண்ணீர் ஏறாததற்கு அதுவும் காரணம். மொட்டை மாடி மழைநீரைப் பாதாள சாக்கடையில் விடுவது, கட்டட இடிபாடுகளை வடிகால் ஓரம் கொட்டுவது, வடிகால் மேல் படிக்கட்டு கட்டுவது ஆகியவையும் அப்படியே. இவற்றைக் கைவிடச் செய்ய வீடு வீடாகப் பேசுவோம். நகராட்சி நடவடிக்கை எடுக்கும்போது யாருக்கும் பரிந்துரைக்கு வர மாட்டோம். தெருவுக்கு ஒருவரைத் தொடர்பாளராக நியமித்து, நகராட்சியின் அறிவிப்பைக் கைபேசி இல்லாத வீடுகளுக்கு நேரில் கொண்டுசேர்ப்போம். பணி நடக்கும்போது தரத்தில் ஐயம் எழுந்தால் பணியாளர்களோடு தகராறு செய்யாமல் பொறியாளருக்கு எழுத்தில் தெரிவிப்போம்.

வேண்டுகோள்

மேற்கண்டவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் புதிய நிதி ஒதுக்கீடோ அரசாணையோ தேவையில்லை. தங்கள் அலுவலகச் சுற்றறிக்கை ஒன்றே போதும். முதற்கட்டமாக 1, 3, 7 ஆகிய கோரிக்கைகளை, இப்போது நடந்துகொண்டிருக்கும் பணிகளிலேயே நடைமுறைப்படுத்துமாறு வேண்டுகிறோம். ஒருங்கிணைப்புக் கூட்டம் பற்றி விவாதிக்க எங்கள் பிரதிநிதிகளுக்கும் வார்டு உறுப்பினர்களுக்கும் ஒரு நாள் ஒதுக்கித் தருமாறும், இம்மனுவின் ஒவ்வொரு கோரிக்கை மீதும் ஏற்பு, மறுப்பு அல்லது கால அவகாசம் எது என்பதை 30 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். மறுக்கப்படும் கோரிக்கை இருப்பின் அதன் காரணத்தையும் தெரிவித்தால், அதைப் பொதுக்குழுவில் வைத்து உறுப்பினர்களுக்கு விளக்குவோம்.



இப்படிக்கு,
தலைவர், செயலாளர், பொருளாளர்,
குடியிருப்போர் நலச்சங்கம்.

நகல்:
மாவட்ட ஆட்சித் தலைவர்
நகர்மன்றத் தலைவர்
கோட்டப் பொறியாளர், நெடுஞ்சாலைத் துறை
செயற்பொறியாளர், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம்
செயற்பொறியாளர், நீர்வளத் துறை