"ன" எங்கே போச்சு?

ரொம்ப நாள் கழிச்சு ஒரு டெக்னிக்கல் மேட்டர். புரோகிராமர் இல்லாதவங்களும் ஓடிடாதீங்க, விஷயம் அ, ஆ, இ, ஈ பற்றித்தான் :-)

கொல்லிமலையில் ஒரு சின்ன விதைக் குழுவுக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். யார் எவ்வளவு சாமை, தினை, கேழ்வரகு விதை வாங்கினார், எவ்வளவு திருப்பிக் கொடுத்தார், அவ்வளவுதான். 70 கொண்டை ஊசி வளைவு தாண்டி மேலே போனால் சிக்னல் எப்ப வரும், கரண்ட் எப்ப போகும்னு சொல்ல முடியாது. அதனால எஸ்க்யூலைட். சர்வர் வேண்டாம், மொத்த டேட்டாபேஸும் ஒரே கோப்பு. பென் டிரைவில் போட்டுக்கிட்டு இறங்கிடலாம்.

இதோட பிறப்பே அப்படித்தான். ரிச்சர்ட் ஹிப் அமெரிக்கப் போர்க்கப்பலுக்கான மென்பொருளில் வேலை செஞ்சப்ப, சர்வர் படுத்தா எல்லாமே படுத்துடுதேன்னு யோசிச்சு 2000-ல் எழுதியது. காப்புரிமை எதுவும் வேண்டாம்னு பொதுச்சொத்தா விட்டுட்டார். இன்னிக்கு ஆண்ட்ராய்டு, ஐபோன் எல்லாத்துக்குள்ளேயும் இருக்கு.

சரி, கதைக்கு வர்றேன். பெயர்ப் பட்டியலை அகர வரிசையில் அச்சடிச்சுக் கொடுத்தேன். ஒரு பெரியவர், பெயர் "அன்" என்று தொடங்கும். அகர வரிசைன்னதும் "அ" பெயர்களில் கடைசியில் தேடிட்டு, "எம்பேரு இல்லியே தம்பி, விட்டுப் போச்சா?"ன்னார். எனக்கும் சட்டுன்னு கிடைக்கலை. பார்த்தா மேலே, "அய்யாசாமி"க்கும் முன்னாடி நிக்குது! தப்பு அவர் மேல இல்லை. ன கடைசி எழுத்துன்னு பள்ளிக்கூடத்தில் படிச்சதை அவர் மறக்கலை. நான்தான் மறந்துட்டேன்.

காரணம் இதுதான். யூனிகோடில் தமிழுக்கான இடம் 1988-ன் இஸ்கி தரத்தை ஒட்டி, தேவநாகரிக்கு இணையா அமைஞ்சது. அதில் ந-வுக்குப் பக்கத்திலேயே ன, ர-வுக்குப் பக்கத்திலேயே ற. புள்ளியோ உயிர்மெய்க் குறிகளுக்கெல்லாம் பின்னாடி. எஸ்க்யூலைட் அந்த எண்ணை வெச்சே அடுக்கும். அகராதியில் "சகுந்தலா"வுக்கு முன்னாடி வர வேண்டிய "சக்தி" பின்னாடி போயிடும்.

நண்பர் ஒருத்தர் சொன்ன தீர்வு: "பேசாம இங்கிலீஷ்ல பேரை அடிச்சிடு." இதைத்தான் என்னால ஒத்துக்க முடியலை. ஒரே பெயரை நாலு பேர் நாலு விதமா அடிப்பாங்க, ஒரு ஆள் நாலு ஆளாயிடுவார். ஒரு மெஷினுக்காகப் பெரியவர் தன் பெயரை மாத்தி எழுதணுமா?

ஓப்பன் சோர்ஸோட அருமை ஓசி என்பதில் இல்லைங்க. வரிசையை நாமே சொல்லிக் கொடுக்க இதில் ஒரு கதவு திறந்திருக்கு. பைத்தானில் "கிரியேட் கொலேஷன்"னு ஒரு ஃபங்ஷன். எழுத்து எழுத்தாப் பிரிச்சு, எது முன்னாடி எது பின்னாடின்னு இருபத்து சொச்சம் வரியில் சொல்லிட்டேன். பெரியவர் பெயர் கடைசிக்கு வந்துடுச்சு.

"போஸ்ட்கிரெஸ்ல 2017-லேயே ஐசியூ வழியா இது வந்தாச்சே"ன்னு கேப்பீங்க. வாஸ்தவம். ஆனா அதுக்கு சர்வர் வேணும். எஸ்க்யூலைட்டிலும் ஐசியூவைச் சேர்க்கலாம், தனியா கம்பைல் பண்ணணும். மலை மேல இருக்கிற பழைய லேப்டாப்பில் யார் பண்றது?

என் வருத்தம் வேற. இந்த இருபது வரியை என்னை மாதிரி எத்தனையோ பேர் தனித்தனியா எழுதி, அவங்கவங்க மெஷின்லயே பூட்டி வெச்சிருப்போம். வருஷா வருஷம் கல்லூரிப் பசங்க அதே லைப்ரரி மேனேஜ்மெண்ட் புராஜெக்டைத் தூசி தட்டுறாங்க. அதுக்குப் பதிலா தமிழ் வரிசை, எழுத்து எண்ணிக்கை, தேடல் மூணையும் சோதனையோட சேர்த்து ஒரு சின்னப் பெட்டியாப் பொதுவில் வெச்சா எவ்வளவு பேருக்கு ஆகும்! "தினை" ரெண்டு எழுத்து, எஸ்க்யூலைட் நாலுங்குது.

ஊருக்கு உபதேசம் பண்ற என்னோட கோடும் இன்னும் பென் டிரைவில்தான் தூங்குது. இந்த ஞாயித்துக்கிழமை வெளியே விட்டுடறேன். ஓட்டை இருந்தா திட்டுங்க, அப்படியே அடைச்சும் கொடுங்க.