வேகத்துக்கு வீதி வந்தது; வெளிச்சம் வரவில்லை

போர் முடிந்த பின்னர் வடக்கில் கண்ணுக்குத் தெரிந்த முதல் மாற்றம் வீதிதான். குண்டும் குழியுமாகக் கிடந்த ஏ9 காபெற் வீதியானது. ஏ35, ஏ32 வீதிகளும் புனரமைக்கப்பட்டன. 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டது. முன்பு நாள் முழுவதும் இழுபட்ட பயணங்கள் சில மணி நேரத்துக்குள் வந்துவிட்டன. ஆனால் அந்த வேகத்துக்குத் தேவையான வெளிச்சத்தைப் பற்றி எவரும் பெரிதாகப் பேசவில்லை.

கணக்கு எளிமையானது. நகரங்களுக்கு வெளியே கார் ஒன்றுக்கு அனுமதிக்கப்பட்ட வேகம் மணிக்கு 70 கிலோமீற்றர். அதாவது செக்கனுக்கு 19 மீற்றர். சாரதி ஆபத்தைக் கண்டு பிறேக்கில் கால் வைக்கவே ஒன்றரைச் செக்கன் ஆகும். அதற்குள் வாகனம் 29 மீற்றர் ஓடிவிடும். காய்ந்த வீதியில் நிற்பதற்கு இன்னும் 28 மீற்றராவது வேண்டும். மொத்தம் 57 மீற்றர். டிம் வெளிச்சத்திலோ, இருண்ட நிற உடையோடு நடந்து போகும் ஒருவர் பெரும்பாலும் 50 மீற்றருக்குள் வந்த பிறகுதான் தெரிவார். சட்டப்படி ஓடும் சாரதிக்கே மிச்சம் இல்லை. மழை பெய்தால், 90 இல் ஓடினால் சொல்லவே வேண்டாம்.

மாங்குளம், முறிகண்டிப் பக்கம் இரவில் அடிக்கடி பயணிப்பவன் என்ற வகையில் நான் காண்பது இரண்டு விதமான கோளாறுகளை.

முதலாவது, வெளிச்சமே இல்லாத வாகனங்கள். காலபோக அறுவடைக் காலத்தில் நெல் மூட்டைகளோடு வரும் உழவு இயந்திரத்தின் பின்விளக்கைப் பெட்டி மறைத்துவிடும். பெட்டியில் விளக்கும் இருக்காது, சிவப்பு ரிஃப்ளெக்டரும் இருக்காது. லான்ட்மாஸ்டர், சைக்கிள் நிலையும் இதுதான். வீதியோரத்தில் காயவிட்ட நெல்லுக்கு எல்லையாக வைத்த கற்கள், காபெற்றின் சூட்டுக்காக வந்து படுக்கும் கட்டாக்காலி மாடுகள் எல்லாம் அதே கறுப்புக்குள் கிடக்கின்றன.

இரண்டாவது, அளவுக்கு மிஞ்சிய வெளிச்சம். ஹலோஜன் பல்புக்கென்று செய்யப்பட்ட ஹெட்லைற்றுக்குள் மலிவான எல்.ஈ.டி. பல்பைப் பொருத்துகிறார்கள். பல்பின் ஒளிப்புள்ளி சற்று இடம் மாறினாலே வெளிச்சம் வீதியில் விழாமல் எதிரே வருபவரின் கண்ணில் விழும். பின்னால் பாரம் ஏற்றிய லொறியின் முகப்பு உயர்வதாலும் இதே விளைவுதான். கண் கூசிய சாரதிக்குப் பார்வை சீராகச் சில செக்கன்கள் தேவை. வயது ஏற ஏற அந்த நேரம் கூடும். அந்தச் சில செக்கன்களில் அவர் 50, 60 மீற்றர் எதையும் காணாமல் ஓடுகிறார். இந்த இரண்டு கோளாறுகளும் ஒரே இடத்தில் சந்திக்கும்போதுதான் உயிர் போகிறது.

வெளிச்சம் எங்களுக்கு எதிரியாக இருந்த ஒரு காலம் உண்டு. விமானத்துக்கும் எறிகணைக்கும் பயந்து விளக்கை அணைத்தும் மறைத்தும் ஓடினோம். மின்சாரமின்றி, ஜாம் போத்தல் விளக்கோடு ஒரு தலைமுறையே வளர்ந்தது. இருட்டில் தடம் பிடித்துப் போகும் அந்தப் பழக்கம் கிரவல் வீதிக்கும் மெதுவான வாகனத்துக்கும் பொருந்தியது. 70 இல் வரும் பஸ்ஸுக்கு முன்னால் அது உதவாது.

சட்டம் இல்லாமல் இல்லை. ஆனால் வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க ஆண்டுதோறும் நாம் காட்டும் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் ஹெட்லைற் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கேட்பதில்லை. 2025 ஜனவரியில் ‘கிளீன் ஸ்ரீலங்கா’ திட்டத்தோடு பஸ்கள், முச்சக்கரவண்டிகளின் மேலதிக விளக்குகளையும் அலங்காரங்களையும் அகற்றும் நடவடிக்கையைப் பொலிஸார் தொடங்கினர். எதிர்ப்பு எழுந்ததும் கால அவகாசம் கொடுக்கப்பட்டது. கூடுதல் விளக்கைக் கழற்றுவது தேவைதான். விளக்கே இல்லாத பெட்டிக்கு ஒன்றைப் பூட்டுவது அதைவிட அவசரம்.

நண்பகலில் தண்டப்பணம் எழுதுவதைவிட, மாலை 5 மணிக்கு வயல் பாதைகள் பிரதான வீதியில் ஏறும் இடத்தில் நின்று ரிஃப்ளெக்டர் ஒட்டிவிடுவது பயன் தரும். கமநல சேவை நிலையங்களும் கமக்கார அமைப்புகளும் நினைத்தால் ஓர் அறுவடைக்குள் செய்து முடிக்கலாம். கட்டாக்காலி மாடுகளின் பொறுப்பைப் பிரதேச சபைகள் தட்டிக்கழிக்க முடியாது.

வாகனம் வைத்திருப்பவர்கள் இன்றே ஒன்று செய்யலாம். சமதரையில், சுவருக்கு 5 மீற்றர் முன்னால் வாகனத்தை நிறுத்தி டிம் லைற்றைப் போடுங்கள். வெளிச்சத்தின் மேல் விளிம்பு விளக்கின் உயரத்தைவிட ஏறக்குறைய 5 சென்ரிமீற்றர் கீழே இருக்க வேண்டும். மேலே ஏறியிருந்தால் கராஜில் திருத்துங்கள்.

இருட்டில் அடிபடுபவர் பெரும்பாலும் சைக்கிளில் வேலை முடிந்து வருபவர், அல்லது நடந்து வருபவர். போரில் ஒருவரை இழந்த வீட்டில் உழைக்க மிஞ்சியிருப்பவர் அவராகவே இருக்கலாம். அவரது சைக்கிளின் பின் மட்காட்டில் ஒட்ட வேண்டியது ஒரு சாண் சிவப்பு ஸ்ரிக்கர்தான்.