பாரி தோற்க வேண்டாமா?

சு. வெங்கடேசனின் ‘வேள்பாரி’யைப் படித்து முடித்து ஒரு வாரம் ஆகிறது. ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது நான் அதைத் தொடவே இல்லை. வாரம் நாலு பக்கம் படித்துவிட்டு ஏழு நாள் காத்திருக்கும் பொறுமை சாண்டில்யன் காலத்தோடு போய்விட்டது. இப்போது படித்ததற்குக் காரணம் என் நண்பர். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். “கபிலரை முப்பது வருஷம் பாடமாக நடத்தினேன் சார். அவரோடு மலை ஏறியது இந்தப் புத்தகத்தில்தான்” என்று சொல்லி இரண்டு பாகங்களையும் கையில் கொடுத்தார்.

ஆயிரம் பக்கங்களுக்கு மேல். மல்லாந்து படுத்துப் படிக்க முடியாத கனம். ஆனாலும் கீழே வைக்க மனம் வரவில்லை.

முதலில் பிடித்தது அந்த மலையேற்றம்தான். நீலன் என்ற இளைஞன் முன்னே தாவிப் போக, கபிலர் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் போகிறார். பெரும்புலவர், ஆனால் காட்டில் அவர் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை. எந்தச் செடியைத் தொடலாம், எந்த விலங்கு எதற்குப் பயன்படும் என்று ஒவ்வொன்றாகக் கற்கிறார். வத்தல்மலையோ சித்தேரியோ நடந்து ஏறியவர்களுக்கு இந்தப் பக்கங்கள் தனி ருசி. எப்போதும் வடக்கு நோக்கியே உட்காரும் ஒரு சிறு விலங்கு, அதைக் கடலோடிகளுக்காகப் பிடிக்க நினைக்கும் அரசர்கள் என்று கதையைப் பின்னியிருப்பதும் அழகு. அதிசய மூலிகைகள் கொஞ்சம் அதிகம்தான். மணியம் செல்வன் படங்களைப் பார்த்ததும் அதை மன்னித்துவிடலாம்.

என் சண்டை முடிவோடுதான். மூவேந்தரையும் வென்று பாரி நிற்கும் இடத்தில் கதை நின்றுவிடுகிறது. புறநானூறு அப்படிச் சொல்லவில்லை. 109, 110-ஆம் பாட்டுகளில் கபிலர் முற்றுகையிட்டவர்களைப் பார்த்துச் சிரிக்கிறார். உழாமலே மூங்கில் நெல்லும் பலாவும் கிழங்கும் தேனும் தரும் மலை இது. போரிட்டு வாங்க முடியாது, பாடிக்கொண்டு வந்தால் கிடைக்கும் என்கிறார். ஆனால் 112-ஆம் பாட்டில் மலையும் இல்லை, தந்தையும் இல்லை. நிலவைப் பார்த்துப் பாரியின் பெண்கள் அழுகிறார்கள். பாரி வென்றிருந்தால் அந்தப் பாட்டு நமக்கு ஏது?

நண்பர் விடவில்லை. “இரண்டாயிரம் வருஷமாகச் சாகடித்தாச்சு. ஒருமுறை ஜெயிக்கட்டுமே” என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் தகடூர்க்காரன். நம் அதியமானும் இப்படித்தான். சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை அழித்ததைப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்து பாடுகிறது. அந்தப் போரைச் சொன்ன ‘தகடூர் யாத்திரை’ முழுதாகக் கிடைக்கவில்லை. புறத்திரட்டு போன்ற தொகுப்புகளில் சில பாடல்கள் மட்டும் தப்பின. 1981-இல் திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயரோடு தமிழி எழுத்துக் கல்வெட்டு கிடைத்தது. பாறையில் வெட்டிய ஒரே ஒரு வரி.

நெல்லிக்கனிக் கதை இங்கே குழந்தைக்கும் தெரியும். பாடப்புத்தகம் அதோடு நிறுத்திவிடுகிறது. ஔவை அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது போனதும், அவன் இறந்தபின் புலம்பியதும் எத்தனை பேருக்குத் தெரியும்? 235-ஆம் பாட்டை எடுத்துப் பாருங்கள். கொஞ்சம் கள் கிடைத்தால் எனக்கே தருவான், நிறையக் கிடைத்தால் நான் பாட அவனும் குடிப்பான் என்று நினைத்து நினைத்து அழுகிறாள். அவன் மார்பில் பாய்ந்த வேல், இரப்பவர் கை, பாணர் பாத்திரம், புலவர் நாக்கு எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு போனதாம்.

நண்பர் அடுத்து அதியமானை யாராவது இதே அளவில் எழுத வேண்டும் என்கிறார். எழுதட்டும், முதல் ஆளாக வாங்குகிறேன். ஆனால் கடைசி அத்தியாயத்தில் தகடூர்க் கோட்டை விழ வேண்டும். அதன்பிறகு ஔவை பேச வேண்டும்.