ஆவிகள் உலவும் ஊரிலே

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியில், மிசிசிப்பி ஆற்றங்கரை மேட்டில் நாட்செஸ் என்னும் பழைய நகரம் ஒன்று உண்டு. 1716-ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரர் இங்கே கோட்டை கட்டினர். பின்னாளில் பருத்தி வாணிகம் இவ்வூரைச் செல்வத்தில் திளைக்கச் செய்தது. இன்று இதைக் காண வருவோருள் சிலர் தேடி வருவது பேய்களை! வழிகாட்டி எவரும் வேண்டியதில்லை. கையில் ஒரு வரைபடத்துடன், ஆவி உலவுவதாகச் சொல்லப்படும் இடங்களை மாலை வேளையில் கால்நடையாகவே பார்த்து வரலாம்.

வாசக அன்பர்களே, நாமும் மனத்தால் அவ்வழியே சற்று நடந்து பார்ப்போமா?

முதலில் 'கிங்ஸ் டாவர்ன்' என்னும் பழைய சத்திரம். இங்கே கொலையுண்ட மேடலின் என்ற பணிப்பெண்ணின் ஆவி இரவில் நடமாடுகிறதாம். அடுத்து நகரக் கல்லறைத் தோட்டம். அங்குள்ள வானதூதர் சிலை, சாலையில் செல்லும் மோட்டார் வண்டிகளின் விளக்கொளி பட்டதும் நம்மை நோக்கித் திரும்புமாம்! கேட்போர் மெய் சிலிர்க்கின்றனர். ஆனால் அச்சிலையின் அருகே வரிசையாக நிற்கும் ஐந்து கல்லறைக் கற்களை எத்தனை பேர் குனிந்து படிக்கின்றனர்? 1908-ஆம் ஆண்டு மருந்து நிறுவனம் ஒன்றின் கட்டடம் வெடித்துச் சிதறியபோது, அங்கே வேலை செய்து பிழைத்த இளம்பெண்கள் ஐவர் மாண்டனர். அவர்களின் நினைவாக முதலாளி எழுப்பிய சிலையே அது.

அதே தோட்டத்தில், 1871-இல் இறந்த ஃபுளோரன்ஸ் என்னும் பத்து வயதுச் சிறுமியின் கல்லறையும் உண்டு. இடி மின்னலுக்கு மிகவும் அஞ்சிய குழந்தை அவள். ஆகவே அவளுடைய தாய், பூமிக்குள் இறங்கும் படிகளைக் கல்லறையின் தலைமாட்டில் கட்டுவித்து, புயல் வீசும்போதெல்லாம் இறங்கிச் சென்று மகளுக்குத் துணையிருந்தாளாம். அப்படிகள் இன்றும் உள்ளன. இதில் பேய் எங்கே இருக்கிறது? தாயன்பு அன்றோ இருக்கிறது!

இனி, புனித கத்தரீனாள் தெரு. 1940-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் இரவு, கறுப்பின மக்கள் கூடியிருந்த 'ரிதம் கிளப்' என்னும் நடன மண்டபத்தில் தீப்பற்றியது. அலங்காரத்திற்காகத் தொங்கவிட்டிருந்த உலர்ந்த பாசி நொடியில் எரிந்தது. சாளரங்களோ பலகையடித்து மூடப்பட்டிருந்தன. வெளியேற வழியின்றி 209 பேர் மடிந்தனர்.

அத்தெருவின் கோடியில், அடிமைகளை விற்ற சந்தை இருந்த இடம் இருக்கிறது. தென்மாநிலங்களின் பெரிய அடிமைச் சந்தைகளுள் அதுவும் ஒன்று. அது ஊருக்கு வெளியே அமைந்த வரலாறு எந்தப் பேய்க் கதையையும்விடக் கொடியது. 1833-ஆம் ஆண்டு ஐசக் ஃபிராங்ளின் என்ற வணிகர், வாந்திபேதியால் மடிந்த அடிமைகளின் உடல்களை முறையாக அடக்கம் செய்யாது பள்ளத்தில் மறைத்தார். செய்தி வெளிப்பட்டதும் நகரத்தார் கொதித்தெழுந்தனர். எதற்காக? மனிதரை விற்பதற்காகவா? அன்று, நோய் தம்மைத் தொற்றிவிடுமே என்பதற்காக! வணிகரை நகர எல்லைக்கு அப்பால் அனுப்பினர். வாணிகமோ, உள்நாட்டுப் போரில் வடவர் படை 1863-இல் நகரைக் கைப்பற்றும்வரை நடந்தது. இன்று அங்கே தரையில் பதித்த விலங்குச் சங்கிலிகள் சிலவற்றைக் காணலாம். விற்கப்பட்டோருள் பெரும்பாலோர்க்குப் பெயர் பொறித்த கல் ஒன்றுகூட இல்லை.

சத்திரத்துப் பணிப்பெண்ணின் ஆவிக்குப் பெயர் உண்டு, கதையும் உண்டு. பள்ளத்தில் எறியப்பட்டோர்க்கு இரண்டும் இல்லை. நம்மை உறங்கவிடாது செய்ய வேண்டியவர்கள் உண்மையில் இவர்கள் அல்லரோ?

இறந்தோரை வேடிக்கைப் பொருளாக்குவது எளிது. நாம் கேட்டு நடுங்குவதால் அவர்களுக்கு ஆவது ஒன்றுமில்லை. நினைவும் செபமுமே நாம் அவர்களுக்குச் செலுத்த வேண்டிய கடன். ஆகவேதான் திருச்சபை, 'மரித்த விசுவாசிகள் அனைவருக்காகவும்' என்று, பெயர் அறியாதோரையும் சேர்த்தே மன்றாடுகிறது.

அடுத்த முறை கல்லறைத் தோட்டத்திற்குச் செல்லும்போது நம் குடும்பத்தார் கல்லறையில் விளக்கேற்றியபின், பெயர் அழிந்த ஒரு கல்லின் முன்னும் சற்று நிற்போம். பிள்ளைகளையும் உடன் நிறுத்துவோம். அங்கே அச்சத்திற்கு இடமில்லை. ஒரு சிறு செபத்திற்கு இடமுண்டு.