வலி வரும்வரை காத்திருக்கலாமா?

நுரையீரலிலோ கணையத்திலோ தோன்றும் புற்றுநோயைக் கண்டறிய விலையுயர்ந்த கருவிகள் தேவை. வாயில் தோன்றும் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே ஐயுற, ஒரு டார்ச் விளக்கும் பயிற்சி பெற்ற கண்களும் போதும். ஆயினும், நம் நாட்டில் வாய்ப் புற்றுநோயாளிகளில் பெரும்பாலோர் நோய் முற்றிய பிறகே மருத்துவமனையை அடைகின்றனர். இந்த முரண் மருத்துவத்தின் தோல்வி அல்ல. பொது சுகாதார நிர்வாகத்தின் தோல்வி.

பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் 2022-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, இந்தியாவில் ஓராண்டில் சுமார் 1.43 லட்சம் பேருக்குப் புதிதாக உதடு மற்றும் வாய்ப் புற்றுநோய் ஏற்படுகிறது. ஏறத்தாழ 80,000 பேர் உயிரிழக்கின்றனர். இந்திய ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் இதுவே. பற்சொத்தை, ஈறு நோய் உள்ளிட்ட வாய் நோய்கள் அனைத்தையும் சேர்த்தால், உலகில் சுமார் 350 கோடி மக்கள் பாதிக்கப்பட்டுள்ளதாக உலக சுகாதார நிறுவனம் 2022-இல் கணக்கிட்டது. இந்நோய்களுக்கான நேரடிச் செலவு ஆண்டுக்கு 38,700 கோடி டாலர். உற்பத்தித் திறன் இழப்பு மேலும் 32,300 கோடி டாலர்.

இவ்வளவு பெரிய சுமை ஏன் நம் கவனத்துக்கு வருவதில்லை? பொருளாதாரக் கண்ணோட்டத்தில் இதற்கு விடை உண்டு. மருத்துவ சேவைக்கான தேவையை உருவாக்குவது பெரும்பாலும் வலிதான். காய்ச்சல் கண்டவர் மருத்துவரைத் தேடிச் செல்கிறார். ஆனால், கன்னத்தின் உட்புறத்தில் தோன்றும் வெண்திட்டோ செந்திட்டோ தொடக்கத்தில் வலிப்பதில்லை. பாக்கு மெல்லும் பழக்கத்தால் வாயின் உட்தசை இறுகி, வாய் திறக்கும் அளவு சிறிது சிறிதாகக் குறைவதையும் பலர் பொருட்படுத்துவதில்லை. குணப்படுத்த எளிதான கட்டத்தில் நோய் அமைதியாக இருக்கிறது. வலி வரும்போது அந்தக் கட்டம் கடந்துவிடுகிறது. எனவே, மக்கள் தாமாகத் தேடி வருவார்கள் என்று காத்திருக்கும் எந்த ஏற்பாடும் இங்கு பயன் தராது. சேவைதான் மக்களைத் தேடிச் செல்ல வேண்டும்.

அவ்வாறு தேடிச் சென்றால் பலன் கிடைக்குமா என்பதை அறிய வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. அண்டை மாநிலமான கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-இல் தொடங்கிய ஆய்வு உலக அளவில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. 13 ஊராட்சிப் பகுதிகளில் 35 வயதுக்கு மேற்பட்ட சுமார் 1.9 லட்சம் பேர் அதில் இடம்பெற்றனர். ஒரு பிரிவினரின் வீடுகளுக்குச் சுகாதாரப் பணியாளர்கள் சென்று வாயைப் பரிசோதித்தனர். அவர்கள் மருத்துவர்கள் அல்லர். வேறு பாடங்களில் பட்டம் பெற்று, இப்பணிக்கெனப் பயிற்சி அளிக்கப்பட்டவர்கள். 2005-இல் வெளியான முடிவுகளின்படி, புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய் இறப்பு 34 சதவீதம் குறைந்திருந்தது. பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்தபோதும் அந்தப் பலன் நிலைத்தது.

இதற்கான செலவு எவ்வளவு? இதே ஆய்வை அடிப்படையாகக் கொண்ட 2009-ஆம் ஆண்டு மதிப்பீட்டில், ஒருவரைப் பரிசோதிக்கும் செலவு 6 டாலருக்கும் குறைவு எனத் தெரியவந்தது. தகுதியுள்ள அனைவரையும் பரிசோதித்தால், காப்பாற்றப்படும் ஒவ்வோர் ஆயுள் ஆண்டுக்கும் ஆகும் கூடுதல் செலவு 835 டாலர். பழக்கம் உள்ளவர்களை மட்டும் தேர்ந்து பரிசோதித்தால் அது 156 டாலராகக் குறைகிறது. யாரை முதலில் சென்றடைய வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டுதல் தேவையில்லை.

மறுபக்கம், மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் ஆய்வின்படி, தொடக்க நிலை வாய்ப் புற்றுநோயாளி ஒருவருக்கான சிகிச்சைச் செலவு சுமார் 1.17 லட்சம் ரூபாய்; முற்றிய நிலையில் அது சுமார் 2.03 லட்சம் ரூபாய். இந்தக் கணக்கில் சேராத இழப்புகளும் உண்டு. தாடையின் ஒரு பகுதியை இழந்த தினக்கூலித் தொழிலாளியின் வருமானம், அவருக்குத் துணையிருப்பவர் இழக்கும் வேலை நாள்கள், வாங்கிய கடனுக்கான வட்டி, பிள்ளைகளின் படிப்பில் ஏற்படும் தடை ஆகியவை எந்த மருத்துவமனைப் பதிவேட்டிலும் இடம்பெறுவதில்லை. நம் காப்பீட்டுத் திட்டங்களோ அறுவை சிகிச்சைக்கும் கதிர்வீச்சு சிகிச்சைக்கும் பணம் தருகின்றன. நோய் முற்றாமல் தடுக்கும் எளிய பரிசோதனை அவற்றின் வரம்புக்குள் வருவதில்லை.

கொள்கை அளவில் குறை இருப்பதாகச் சொல்ல முடியாது. 30 வயதைக் கடந்த அனைவருக்கும் வாய், மார்பகம், கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்வதற்கான வழிகாட்டு நெறிமுறைகளை மத்திய அரசு 2016-இலேயே வெளியிட்டது. ஆனால், 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுக்கு உட்பட்டோரில் வாழ்நாளில் ஒருமுறையேனும் வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்துகொண்ட பெண்கள் 0.9 சதவீதம்; ஆண்கள் 1.2 சதவீதம். அதாவது, நூற்றில் ஒருவர். இடையில் கரோனா பெருந்தொற்று குறுக்கிட்டது உண்மையே. எனினும், இவ்வளவு தாழ்ந்த எண்ணிக்கைக்கு அது மட்டுமே காரணமாக இருக்க முடியாது.

தமிழகத்துக்கு இதில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், ரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்குமான மருந்துகளுடன் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடுகளுக்குச் செல்கின்றனர். ஈரோடு, கன்னியாகுமரி உள்ளிட்ட சில மாவட்டங்களில் புற்றுநோய்ப் பரிசோதனையும் முன்னோடியாகத் தொடங்கப்பட்டது. வீட்டு வாசலை எட்டும் இந்த அமைப்பில் வாய்ப் பரிசோதனையை நிலையான அங்கமாக்கலாம். அதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு.

முதலாவது, கண்டறிந்த பின் என்ன என்பதற்கான ஏற்பாடு. திருவனந்தபுரம் ஆய்விலேயே, ஐயத்துக்குரிய அறிகுறி காணப்பட்டு மருத்துவரிடம் அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதத்தினரே சென்றனர். வலி இல்லாத ஒன்றுக்காக ஒரு நாள் கூலியை இழக்க ஏழைத் தொழிலாளி தயங்குவது இயல்பே. எனவே, திசுப் பரிசோதனைக்கான வசதி வட்டார அளவிலேயே கிடைக்க வேண்டும். பயணப்படியும் இழந்த கூலிக்கு ஈடாக ஒரு சிறு தொகையும் வழங்கப்பட வேண்டும். நாட்டில் 300-க்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. பயிற்சி மருத்துவர்களைச் சுழற்சி முறையில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு அனுப்புவது இயலாத காரியமல்ல.

இரண்டாவது, பணிச்சுமைக்கேற்ற ஊதியம். ஒவ்வொரு புதிய திட்டத்தையும் அதே தன்னார்வலரின் தோளில் ஏற்றிவிட்டு, ஊக்கத்தொகையை மட்டும் மாற்றாமல் வைத்திருந்தால் பரிசோதனை பதிவேட்டில்தான் நடக்கும்.

மூன்றாவது, நோயின் ஊற்றுக்கண்ணை அடைப்பது. குட்கா, பான் மசாலாவுக்குத் தமிழகம் 2013-இல் தடை விதித்தும் அவை மறைவாகக் கிடைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. புகையிலை சேராவிட்டால் தீங்கில்லை என்ற நம்பிக்கையும் பரவலாக உள்ளது. பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்பதைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இலேயே அறிவித்துவிட்டது. மங்கலப் பொருளாக நாம் மதிக்கும் ஒன்றைப் பற்றி இதைச் சொல்வது எளிதல்ல. தாம்பூலத் தட்டில் பாக்கு இருப்பது வேறு, நாள்தோறும் அதை மென்று கன்னத்தில் அடக்கிக்கொள்வது வேறு என்ற வேறுபாட்டையாவது பள்ளியிலிருந்தே கற்பிக்க வேண்டும். சொத்தைப் பற்களுக்காகப் பள்ளிகளில் நடைபெறும் பரிசோதனை முகாம்களே அதற்குப் பொருத்தமான மேடை.

எத்தனை பேர் பரிசோதிக்கப்பட்டனர் என்ற எண்ணிக்கையை மட்டும் வெளியிட்டு மனநிறைவு கொள்வது அரசுத் துறைகளின் வழக்கம். மாவட்டந்தோறும் எத்தனை பேருக்குத் தொடக்க நிலையிலேயே நோய் கண்டறியப்பட்டது, அவர்களில் எத்தனை பேர் சிகிச்சையை நிறைவு செய்தனர் என்ற விவரங்களை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். முற்றிய நிலையில் வருவோரின் விகிதம் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறதா என்பதே இத்திட்டத்தின் வெற்றியை அளக்கும் கோலாக இருக்க முடியும்.