உடலைப் பழிக்கும் சொற்களும் நம் வளரிளம் பிள்ளைகளும்

2025-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் கன்னியாகுமரி மாவட்டத்தில் 17 வயது மாணவர் ஒருவர் இறந்த செய்தியை நம்மில் பலர் படித்திருப்போம். உடலை இளைக்கச் செய்வதற்காக யூடியூப் காணொளியைப் பார்த்து, ஏறத்தாழ மூன்று மாதங்கள் பழச்சாறு மட்டுமே குடித்து வந்தார் என்று குடும்பத்தார் கூறியதாகச் செய்தித்தாள்கள் எழுதின. அதே ஆண்டு மார்ச் மாதம் கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் 18 வயது மாணவி ஒருவர், பருத்துவிடுவோம் என்ற அச்சத்தில் மாதக்கணக்கில் சரியாக உண்ணாமல் இருந்து உயிரிழந்தார். காணொளிகளைக் குறை சொல்லிவிட்டு நாம் அடுத்த செய்திக்குப் போய்விட்டோம்.

அந்த இரு குடும்பங்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நாம் யாரும் இல்லை. ஆனால் பொதுவாக ஒன்றைக் கேட்கலாம். எப்படி இளைப்பது என்று காணொளி சொல்லித் தருகிறது, சரி. இளைத்தால்தான் நீ மதிக்கத்தக்கவன் என்ற எண்ணத்தைப் பிள்ளையின் மனதில் விதைத்தது யார்?

இதெல்லாம் சென்னைப் பிள்ளைகளின் பிரச்சினை, செஞ்சியில் ஏது என்று நினைப்பது எளிது. சுற்றுக் கிராமங்களிலிருந்து பேருந்தேறி இங்கே படிக்க வரும் பிள்ளைகளில் பலர் விடுமுறையில் மல்லாட்டை பறிக்கப் போகிறவர்கள். வெயிலில் கறுத்த உடம்பு, வேலை செய்து இறுகிய கை. அவர்கள் வகுப்பறைக்குள் நுழைந்தால் என்ன பெயர்கள் காத்திருக்கின்றன? கறுப்பி, குள்ளன், ஒல்லிக்குச்சி, குண்டு, சோடாபுட்டி. மூன்று மலைகளுக்கு நடுவே வாழும் ஊரில் பருத்த பிள்ளைக்கு ‘ராஜகிரி’ என்று பெயர் வைக்கப் பெரிய கற்பனை ஒன்றும் தேவையில்லை. எல்லாரும் சிரிப்பார்கள், பெயருக்குரிய பிள்ளையும் சேர்ந்து சிரிக்கும். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் ‘அவன் ஒன்றும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டான்’ என்று பெரியவர்கள் முடிவு கட்டுகிறோம்.

பிள்ளைகள் இதை எங்கிருந்து கற்றார்கள் என்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். ஊருக்கு வந்த அத்தை வாசற்படி ஏறுமுன்பே, “என்னடி, இப்படிக் கறுத்துட்ட?” என்கிறார். பாசத்தில் கேட்பதுதான். ஆசிரியர் ஒருவர் பெயர் நினைவுக்கு வராமல், “ஏய், அந்தக் கடைசி பெஞ்ச் குண்டு, எழுந்திரு” என்கிறார். அதில் வன்மம் எதுவும் இல்லைதான். ஆனால் வகுப்பிலுள்ள மற்ற பிள்ளைகளுக்கு அது அனுமதிச் சீட்டு. வாத்தியாரே சொல்லும்போது நாம் சொன்னால் என்ன?

வளரிளம் பருவத்தில் உடல் எப்படி மாறுகிறது என்பதை நாம் சரியாக அறிந்திருந்தால் இவற்றில் பாதியைச் சொல்ல மாட்டோம். பூப்பெய்தும் வயதில் பெண்பிள்ளைகளின் உடலில் கொழுப்புக் கூடுவது நோயல்ல, சோம்பலும் அல்ல. உடல் தாய்மைக்குத் தன்னை ஆயத்தம் செய்யும் இயல்பான வேலை அது. ஆண்பிள்ளைகள் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகள் பின்தங்கியே உயரம் பிடிக்கிறார்கள். எட்டாம் வகுப்பில் கடைசி ஆளாக நிற்கும் ‘குள்ளன்’ பதினொன்றாம் வகுப்பில் அப்பாவைத் தாண்டி வளர்ந்து நிற்பதை நாம் பார்த்ததில்லையா? முகப்பருவும் உடைந்த குரலும் இந்த வயதுக்கு உரியவை. இதை உயிரியல் பாடத்தில் படம் வரைந்து பாகம் குறிப்பதோடு நிறுத்தாமல், “உனக்கு இது நடக்கும், இது நல்லது” என்று நேராகச் சொல்லும் ஆசிரியர் ஒருவர் பள்ளிக்கு வேண்டும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையிலான பெண்களில் 59.1 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. ஏற்கெனவே இரத்தம் குறைந்த பிள்ளை, கேலிக்கு அஞ்சி மதியச் சோற்றையும் பாதி கொட்டினால் என்ன ஆகும்? பிறகு ‘படிப்பில் கவனம் இல்லை’ என்று அதற்கும் திட்டு விழும்.

நிறத்துக்கு வருவோம். தமிழரிடம் நிறத்தைப் பற்றிப் பேசுவது சற்றுக் கூச்சமான காரியம். நாம் பெரும்பாலோர் கறுப்பர்கள், ஆனால் கறுப்பு நமக்கு நகைச்சுவை. 2007-இல் வெளிவந்த ‘சிவாஜி’ திரைப்படத்தில் கறுப்பான இரு பெண்களைக் காட்டிச் சிரிக்க வைத்தார்கள். அவர்களுக்கு வைத்த பெயர் அங்கவை, சங்கவை. பறம்பு மலையை ஆண்ட பாரியின் மகளிருக்கு மரபு வழங்கும் பெயர்கள் அவை. தந்தையை இழந்த அப்பெண்களைப் புலவர் கபிலர் அழைத்து வந்து சேர்த்த திருக்கோவிலூர் நமக்குத் தொலைவில் இல்லை. தென்பெண்ணை ஆற்றில் கபிலர் குன்றை இன்றும் காணலாம். அப்பெண்கள் பாடிய பாட்டு புறநானூற்றில் உள்ளது. கவி பாடிய பெண்களின் பெயர், ஒரு தலைமுறைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கேலிப்பெயராக வந்து சேர்ந்தது. தமிழாசிரியர்கள் இதை வகுப்பில் பேசலாமே!

சந்தை இதை எப்போதோ புரிந்துகொண்டது. 1975-இல் விற்பனைக்கு வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ பசை 2020-இல் ‘க்ளோ அண்ட் லவ்லி’ என்று பெயரை மாற்றிக்கொண்டது. அதை விற்கும் யூனிலீவர் குழுமமேதான் ‘டவ்’ சோப்பின் பெயரால், உன் உடலை நீ நேசி என்று பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடத்திட்டமும் நடத்துகிறது. பாடத்திட்டம் நல்லதாகவே இருக்கட்டும். அதைக் கடைக்காரரிடம் விட்டுவிட்டு நாம் சும்மா இருக்கலாமா என்பதே கேள்வி.

திரையில் காணும் உருவங்கள் பிள்ளைகளை என்ன செய்யும் என்பதற்கு ஃபிஜித் தீவு ஒரு சாட்சி. நம் தமிழ் மக்கள் ஒரு காலத்தில் கரும்புத் தோட்டக் கூலிகளாகச் சென்ற அதே ஃபிஜிதான். அங்குள்ள பூர்வகுடிகளிடம் நன்கு உண்டு திடமாக இருப்பதே அழகு. அந்நாட்டின் ஒரு பகுதிக்கு 1995-இல் தொலைக்காட்சி வந்தது. ஆன் பெக்கர் என்ற அமெரிக்க ஆய்வாளர் அப்போதும், மூன்றாண்டுகள் கழித்து 1998-லும் பள்ளி மாணவியரிடம் ஆய்வு செய்தார். எடையைக் குறைக்கத் தாமாக வாந்தி எடுப்பதாகச் சொன்னவர் முதலில் ஒருவரும் இல்லை, 1998-இல் 11.3 விழுக்காட்டினர். மூன்றே ஆண்டுகள்! அது வரவேற்பறையில் ஊரே கூடிப் பார்த்த தொலைக்காட்சி. இப்போதோ ஒவ்வொரு பிள்ளையின் போர்வைக்குள்ளும் ஒரு திரை. இன்ஸ்டாகிராம் நிறுவனத்தின் சொந்த ஆய்வே, தம் உடலைப் பற்றி வருந்தும் வளரிளம் பெண்களில் 32 விழுக்காட்டினரின் வருத்தத்தை அது மேலும் கூட்டியதாகக் கூறியது 2021-இல் வெளிவந்தது. ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைப்பதைத் தடை செய்துள்ளது. தடை எவ்வளவு பலிக்கும் என்பதில் நமக்கு ஐயம் உண்டு. ஒரு படம் எப்படி மெருகேற்றப்படுகிறது, முகத்தை வெளுப்பாக்கி இடையைச் சுருக்கும் ‘ஃபில்டர்’ எப்படி வேலை செய்கிறது என்பதைக் கணினி வகுப்பிலேயே பிள்ளைகளின் கையால் செய்து பார்க்க விட்டால் அது இன்னும் பயன் தரும் என்பது நம் எண்ணம். மாயத்தைத் தானே செய்து பார்த்தவன் எளிதில் ஏமாற மாட்டான்.

பள்ளியில் பணமில்லாமல் செய்யக்கூடியவை நிறைய. உயரமும் எடையும் எடுக்கும் நாளில் எண்ணை வகுப்பு முழுவதும் கேட்க உரக்கச் சொல்லாமல் ஏட்டில் மட்டும் எழுதலாம். ஓடத் தயங்கும் பிள்ளையை விளையாட்டு நேரத்தில் ஓரமாக உட்கார வைத்துப் பழக்காமல் ஆட்டத்தில் சேர்க்கலாம். ஆண்டு விழா நடனத்தில் முன்வரிசையில் யார் நிற்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்தால் போதும், நிறையப் புரியும்.

பங்கிலும் அப்படித்தான். கிறிஸ்து பிறப்பு நாடகத்தில் மரியாவும் வானதூதரும் சிவந்த பிள்ளைகள். இடையரும் ஏரோதின் சேவகரும் கறுத்த பிள்ளைகள். யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை. கடவுளின் சாயல் எல்லாருக்கும் உண்டு என்று மறைக்கல்வியில் சொல்லிவிட்டு, வேடம் கொடுக்கும்போது வேறொன்றைச் சொல்கிறோம். நாசரேத்தூர் மரியா வெயிலில் தண்ணீர் சுமந்த கிராமத்துப் பெண். வரும் டிசம்பரில் குரலையும் நடிப்பையும் பார்த்து வேடம் கொடுக்குமாறு மறைக்கல்வி ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறோம். அதற்கு முன் அன்பியக் கூட்டங்களில் இதைப் பெற்றோர் பேசட்டும்.

உங்கள் பிள்ளை சில வாரங்களாகச் சாப்பாட்டைத் தவிர்த்தால், குடும்பத்தோடு உண்ண மறுத்தால், எடை சட்டெனக் குறைந்தால், மாதவிலக்கு நின்றால், நிழற்படத்துக்கு நிற்கவே அஞ்சினால் கண்டிக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தமிழக அரசின் கல்வி உதவி எண் 14417, மனநல ஆலோசனைக்கு 14416, குழந்தைகள் உதவிக்கு 1098. மூன்றும் கட்டணமில்லாதவை. பிள்ளைகளே நேரடியாக அழைக்கலாம்.