எந்தக் குழந்தைக்குச் செய்கின்றோம்?

குழந்தைகளுக்கென வீட்டுப் பொருளொன்றை ஆக்க முற்படுவோர் முதற்கண் விடை காணவேண்டிய வினா ஒன்றுண்டு: இப்பொருள் யாருக்கு? “குழந்தைக்கு” என்பது போதிய விடையன்று. விலை கொடுத்து வாங்குபவர் தந்தை. எடுத்துக் கையாள்பவர் தாயோ அம்மம்மாவோ. நாள் முழுதும் அதனோடு பழகுவது குழந்தை. இம்மூவருள் யாரை மனத்திற் கொள்கின்றோம் என்பதைப் பொறுத்தே பொருளின் நன்மையும் தீமையும் அமையும்.

நம் தச்சர் செய்து தந்த நடைவண்டியை எண்ணிப் பார்ப்போம். மூன்று சில்லுகள், பற்றிக்கொள்ள ஒரு குறுக்குச் சட்டம், அவ்வளவே. குழந்தை தன் காலில் நின்று, தானே தள்ளி, விழுந்தெழுந்து நடை பயின்றது. இன்று கடைகளில் விற்கப்படும், நடுவே குழந்தையை இருத்தும் வட்டமான சில்லுவண்டியோ வேறு நோக்குடையது. தாய் அடுப்படியில் நிற்கும் வேளையிற் குழந்தைக்குப் பராக்குக் காட்டுவதே அதன் பணி. அது நடையை விரைவுபடுத்துவதுமில்லை. கண்ணிமைக்கும் பொழுதிற் குழந்தையைப் படிக்கட்டுக்கோ அடுப்புக்கோ கொண்டு சேர்த்துவிடும். கனடா 2004ஆம் ஆண்டில் அதன் விற்பனையைத் தடை செய்தமை இதனாலேயே. பெற்றோரின் களைப்புப் பொய்யன்று; ஆயினும் அக்களைப்பை ஆற்றுவதற்கெனச் செய்த பொருளைக் குழந்தையின் பெயரால் விற்பது முறையாகாது.

மரியா மொண்டிசோரி அம்மையார் இவ்வுண்மையை நன்குணர்ந்தவர். 1907ஆம் ஆண்டில், உரோமாபுரியின் சான் லொரென்சோ என்னும் ஏழைக் குடியிருப்பில் அவர் தொடங்கிய இல்லத்தில், மேசையும் கதிரையும் சிறார் தாமே தூக்கி வைக்கத்தக்க அளவினவாயின. 1939இல் அவர் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றியபின் அக்கருத்து நம் அயலிலும் வேரூன்றிற்று.

இனி, நம் நாட்டிலேயே நிகழ்ந்த சான்றொன்று. மின்சாரம் எட்டாத வீடுகளிற் சிறுவர் போத்தல் விளக்கின் அருகிலிருந்து படித்தனர். வெற்றுப் போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரியிட்ட அவ்விளக்கு, கை பட்டாற் கவிழும். எண்ணெய் சிந்தித் தீப்பற்றும். தீக்காயமுற்றோரைக் கண்டு வருந்திய அறுவை மருத்துவர் விஜய கொடகும்புர, குட்டையாகவும் கனமாகவும், உருளாதபடி இரு பக்கம் தட்டையாகவும், திருகு மூடியுடனும் ஒரு விளக்கை வகுத்தார். அதற்காக 1998ஆம் ஆண்டில் அவருக்கு றோலெக்ஸ் விருது கிடைத்தது. அவர் கருதியது சிமினி விளக்கு வாங்க வசதியற்ற வீட்டை; ஆதலால் விலையும் குறைவாயிருத்தல் வேண்டுமென்பதை மறந்திலர்.

ஒரு வகையினரை மட்டும் கருதினால் ஏனையோர் விடுபடுவரன்றோ எனச் சிலர் வினவலாம். விடுபடார். வறிய வீட்டுக் குழந்தையைச் சுடாத விளக்குச் செல்வர் வீட்டுக் குழந்தையையும் சுடாது. 2022ஆம் ஆண்டில் நாளொன்றுக்குப் 13 மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்டபோது, இருள் எல்லா வீட்டுக்கும் பொதுவாயிற்று. ஆகவே, காவல் மிகக் குறைந்த வீட்டில், எட்டாததை எட்டிப் பிடிக்க முயலும் குழந்தையையே நாம் தெரிந்தெடுத்தல் வேண்டும்.

பெரியநீலாவணைக்கு அருகே, கைத்தறிக்குப் பெயர்பெற்ற மருதமுனை இருக்கின்றது. சாரமும் சேலையும் நெய்யும் கைகள், பழஞ்சேலையில் ஏணை கட்டும் தாய்மாருக்கென உறுதிமிக்க ஏணைச் சீலை ஒன்றை நெய்தலாகாதா? தொழினுட்பம் பயிலும் மாணவர், தாளில் உருவம் வரையுமுன், கடற்கரையோர வீடொன்றின் தரையில் அமர்ந்து, குழந்தையின் கண்மட்டத்திலிருந்து அவ்வீட்டை நோக்கட்டும். எது கைக்கு எட்டுகின்றது, எது கவிழ்கின்றது, எது கூர்மையானது என்பன அங்கே புலனாகும். பழைய மாணவருள் தொழில் நடத்துவோர் அவர்களுக்குத் துணை நிற்பாராக. கல்லூரியின் விழாக்கள் வந்து போகும். குழந்தை ஒன்றின் கை சுடாமற் காத்த பொருளே நம் கல்விக்கு நற்சான்றாய் நிலைக்கும்.